மூன்றாவது தட்டு

1

இந்தக் கதை எப்படி உருவானது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்திலிருந்து உருவானது.

நேற்று, வியாழக்கிழமை, காந்திபுரத்தில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து என் நண்பர் அக்பர் அலிக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நாயை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளும்படி சொன்னேன். இதை என் மனைவி செவ்வந்தியிடம் சொல்லவில்லை. இன்று வெள்ளி. வாயைத் திறந்து சொல்வதற்குப் பதிலாகக் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதுவதை முதலில் படிக்கிறவள் அவள்தான். படித்துத் தெரிந்துகொள்ளட்டுமே என்று ஒரு கோழை நினைப்பு.

என் பெயர் ஆறுச்சாமி. பீளமேட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் பட்டறைப் பயிற்றுநர். சிறுபத்திரிகைகளில் வருஷத்துக்கு இரண்டு கதை வரும். அவற்றில் முடிவு சரியில்லை என்று செவ்வந்தி சொல்வாள்.

2

தொடக்கங்கள்:

"மில்லின் சங்கு நின்று பத்து மாதம் ஆன பிறகும் அந்த ஒரு ஜீவன் மட்டும் ஷிப்டுக்கு" [அடித்துவிட்டேன். சங்கிலியில் கட்டிக் கிடந்த நாய்க்கு ஷிப்டு ஏது?]

"அதன் கண்களில் சொல்லவொண்ணாத" [இதையும் அடித்துவிட்டேன். அதன் கண்களில் பீளைதான் இருந்தது.]

சரி, நடந்ததை நடந்தபடி. 1996, ஆவணி. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மூடிப்போன மில் ஒன்று. அதன் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டுத் தாராபுரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நாயைக் கேட்டிலேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறார். யாராவது அவிழ்ப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். எதிரிலிருந்த டீக்கடைக்காரர் பன் போட்டிருக்கிறார், தண்ணீர் வைத்திருக்கிறார், அவிழ்க்க மட்டும் பயந்திருக்கிறார். நான் அந்த வழியாக மூன்று வாரம் சைக்கிளில் போயிருக்கிறேன். நாயைப் பார்க்கவும் பார்த்தேன்.

செவ்வந்தி ஒரே ஒரு நாள்தான் அந்த வழியாக வந்தாள். அவள் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறாள். பஸ் வராததால் நடந்து வந்தவள், துப்பட்டாவை — [சேலை. அவள் துப்பட்டா போடுவதில்லை. ஏன் இப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.] — சேலை முந்தானையை நாயின் கழுத்தில் கோத்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, இது நம்மூட்டுல இருக்கட்டுங்க" என்றாள்.

எங்களிடம் ஏற்கெனவே இரண்டு நாய்கள். ராஜாவுக்குப் பதினொரு வயது. சிட்டுவுக்கு நாலு. புதிதாக வந்ததற்கு நான் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்துவிட்டால் பிறகு அனுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே 'புதுசு' என்றே கூப்பிட்டோம்.

* ஒரு குறிப்பு. வாசல் தென்னை மரத்தடியில் புதுசை அவிழ்த்து விட்ட முதல் நாள், அது மரத்திலிருந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிட்டது. மறுபடி போய்த் திரும்பியது. நான் பட்டறைக்காரன், எதையும் அளந்துவிடுவேன். ஒன்பதடி. பிறகு மில் கேட்டில் கிடந்த சங்கிலியை அளந்தேன். அதுவும் ஒன்பதடி. எட்டாம் நாள்தான் அது பத்தாவது அடியை வைத்தது. இதைக் கதைக்குள் வைக்க எனக்குத் துணிவில்லை. வைத்தால் நான் செய்தது மன்னிக்க முடியாததாகிவிடும்.

3

சண்டைகள். மூன்றையும் தனித்தனியாக எழுதினேன். வரைவை அப்படியே தருகிறேன்.

(அ) புதுசு வந்த மறுநாள், செவ்வாய். செவ்வந்தி புதுசுக்கு முதலில் தட்டு வைத்தாள். ராஜா உறுமியது. புதுசு திரும்பியது. இரண்டும் கட்டிப் புரண்டன. வாளித் தண்ணீரை ஊற்றினேன்.

(ஆ) அதே வாரம் வெள்ளி. செவ்வந்தி புதுசுக்கு முதலில் தட்டு வைத்தாள். இந்தத் தடவை சிட்டுவும் சேர்ந்துகொண்டது. தட்டு தெருவில் போய் விழுந்தது.

(இ) இந்தப் புதன். செவ்வந்தி புதுசுக்கு முதலில் தட்டு வைத்தாள். புதுசு வெறிகொண்டு ராஜாவின் மேல் பாய்ந்து காதைக் கிழித்தது.

மறுநாள் காலையில் ராஜாவை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காதில் ஏழு தையல். பதினொரு வருஷமாக என் காலடியில் படுத்திருந்த நாய், தையல் போடும்போது என் விரலை வாயில் பிடித்துக்கொண்டது, கடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கிருந்து நேராகப் பூத்துக்குப் போனேன்.

4

இப்போது அக்பர் அலி.

வரைவில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். மீசையைத் தடித்ததாக்கினேன். நாயைக் காலால் உதைப்பது போல ஒரு வரி [அடித்துவிட்டேன், வெட்கமாக இருந்தது]. எங்கள் பாலிடெக்னிக் பட்டறைக்குப் பதினைந்து வருஷமாக மரம் கொடுக்கிறவர். செவ்வந்திக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய மர டெப்போவில் இரண்டு முறை தேக்குப் பலகை திருட்டுப் போனது. காவலுக்கு நல்ல நாய் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

போனில் அவர் சொன்னது:

"ரொம்ப சந்தோஷமுங்க சாமி. ஒரு கொறையும் வெக்க மாட்டேன். தெனமும் கறி எலும்பு உண்டு. பகல்ல லாரி வரும் போகும் பாருங்க, அதனால கட்டித்தான் வெக்கோணும். புதுச் சங்கிலியே வாங்கி வெச்சுப்போடறேன்."

"சரிங்க பாய்" என்றேன்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் ஒருவரிடம் முடியாது என்று சொல்வதற்கு நூறு வழி உண்டு. பார்க்கலாங்க என்போம், ரோசனை பண்றனுங்க என்போம். சரிங்க என்று சொல்லிவிட்ட பிறகு திரும்பப் பெறுவதற்கு ஒரு வழியும் கிடையாது.

5

சனிக்கிழமை, மதியம்.

வரைவைச் சுத்தப் பிரதி எடுக்கும்போது மூன்றாம் பகுதி கண்ணை உறுத்தியது. மூன்று பத்திகளிலும் ஒரே வாக்கியம். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். இரண்டாவதை 'உணவு பரிமாறும் வேளை' என்று மாற்றினேன். மூன்றாவதை மொத்தமாக எடுத்துவிட்டேன். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

புதுசு வந்து பத்தொன்பது நாள் ஆன முதல் வாரமும் இந்த வாரமும் [என்ன வாக்கியம் இது. மறுபடி.]

புதுசு வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. முதல் வாரமும் மூன்றாம் வாரமும் செவ்வந்திக்குப் பகல் ஷிப்டு. பொழுதோடு, அதாவது சாயங்காலம், வீட்டில் இருப்பாள், அவள்தான் சோறு வைப்பாள். நடுவிலிருந்த வாரம் அவளுக்கு இரண்டாம் ஷிப்டு, நான் வைத்தேன். அந்த வாரம் முழுக்க ஒரு உறுமல்கூட இல்லை. எல்லாம் பழகிவிட்டது என்றுகூட நினைத்தோம்.

நான் எப்படி வைத்தேன்? யோசித்து வைக்கவில்லை. சோம்பேறித்தனம். அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் ராஜாவின் தட்டு, அடுத்தது சிட்டு, கடைசியில் புதுசு. கைக்கு எட்டிய வரிசை.

எழுந்து போய்க் கேட்டேன்.

"அம்மிணி, நீ யாருக்கு முதல்ல சோறு வெப்பே?"

"புதுசுக்குத்தானுங்க. அதென்ன கேள்வி?"

"ராஜா சும்மா இருக்குமா?"

"அவனைக் கழுத்தப் புடிச்சு நிறுத்தி வெப்பேன். 'நீ ஊட்டுக்காரன், சித்தெ பொறு'ன்னு சொல்லுவேன். வந்த ஒறம்பரைக்கு மொதல்ல போடறதுதானுங்களே மொறை?"

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டார் உட்காருவார்கள். செவ்வந்தி வீட்டில் இதைச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள். அவள் அதை நாய்க்கும் செய்தாள். பதினொரு வருஷமாக முதல் தட்டில் சாப்பிட்ட கிழட்டு நாயைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தி, அதன் கண்ணெதிரே நேற்று வந்தவனுக்கு விருந்து வைத்தாள். அது மனுஷருக்குத் தெரிந்த மரியாதை. ராஜாவுக்கு அது அவமானம். புதுசுக்கோ உயிர்ப்பயம், முதுகுக்குப் பின்னால் இரண்டு நாய் உறுமும்போது சாப்பிடுவது எப்படி?

வரைவில் கண்டதை நான் சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப இத்தனை நாளும் நாந்தான் சண்டை மூட்டி உட்டிருக்கறனுங்களா? ராஜா காதுகூட என்னாலதானா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டாள். "புதன்கெழமை மொதல்ல பாஞ்சது யாருன்னு எழுதியிருக்கீங்க?"

"புதுசுன்னு."

"ராஜாதானுங்க பாஞ்சான். புதுசு கீழ கெடந்து திருப்பிக் கடிச்சுது. நீங்களுந்தான் பாத்தீங்க."

பார்த்தேன். மேலே (இ)-யைத் திருத்தாமல் வரைவில் இருந்தபடியே விட்டிருக்கிறேன், நான் எப்படி எழுதினேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போதாவது அக்பர் அலி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

6

சனிக்கிழமை, பொழுதோடு.

"கடைசியாப் போடறது எனக்கு மனசே வரலீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் வைத்தாள். ராஜாவுக்கு முதல் தட்டு. சிட்டுவுக்கு இரண்டாவது. மூன்றாவதைத் தள்ளித் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். ராகிக் களியும் கருவாட்டுத் தலையும்.

மற்றதெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் எழுத வேண்டும். இதுவரை புதுசு தலையைத் தூக்கித் தூக்கி, அக்கம்பக்கம் பார்த்து, மெல்லாமல் விழுங்கித்தான் சாப்பிட்டிருக்கிறது. அன்று தலையைத் தூக்கவில்லை. நடுவில் முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு சாப்பிட்டது. கருவாட்டை மென்றது. மெல்லுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு ராஜா வந்து மூன்றாவது தட்டையும் நக்கியது. புதுசு எழுந்து இடம் விட்டது. அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை.

செவ்வந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனேன்.

7

முடிவுகள்.

முதலாவது: அக்பர் அலி வருகிறார். மூன்று நாய்களும் வாசலில் ஒன்றாகப் படுத்திருப்பதைப் பார்க்கிறார். அவர் மனம் இளகுகிறது. "இதுகளைப் பிரிக்கறது பாவமுங்க சாமி" என்று சொல்லிவிட்டு வெறும் வேனோடு திரும்பிப் போகிறார். நான் கட்டிலில் உட்கார்ந்தபடி கண் கலங்குகிறேன்.

இரண்டாவது: அக்பர் அலி வேன் கதவைத் திறக்கிறார். புதுசு தானாகவே போய் ஏறிக்கொள்கிறது. சங்கிலிக்குப் பழகிய நாய் சங்கிலியைத் தேடிப் போகும் என்று ஒரு வரி. நான் கட்டிலில் உட்கார்ந்தபடி கண் கலங்குகிறேன்.

இரண்டாவதுதான் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.

8

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணி. எழுதிய தாள்கள் மொத்தத்தையும் செவ்வந்தியிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தில் ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் பார்க்கவில்லை.

"பத்து மணிக்கு வாராரா?"

"ஆமா."

"ராத்திரி நான் சிரிச்சனே, அப்பவும் தெரியுமுங்களா உங்களுக்கு?"

அவள் தாள்களை அடுக்கி என் மடியில் வைத்தாள்.

"நீங்க எழுதுன ரெண்டு முடிவுலயும் நீங்க கட்டல்லதான் உக்காந்திருக்கீங்க. ஒண்ணுல பாய் மனசு மாறோணும். இன்னொண்ணுல அந்த வாயில்லாத ஜீவன் தானா ஏறிப் போகோணும். அல்லாரும் ஒண்ணொண்ணு பண்றாங்க. நீங்க எப்பங்க பண்ணுவீங்க?"

"வரச் சொல்லிட்டு, வந்த மனுசனை எப்படி அம்மிணி வேண்டாங்கறது? பதினஞ்சு வருசப் பழக்கம்."

"எனக்கென்னங்க தெரியும். பாய் நல்ல மனுசன், காப்பி போட்டு வெக்கறேன். ஆனா நாஞ் சொல்ல மாட்டேன். கூப்புட்டது நீங்க."

அடுப்படிக்குப் போய்விட்டாள்.

9

வேன் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்கிறது. நாய்கள் மூன்றும் குரைக்கின்றன. ராஜா முதலில், பின்னால் மற்ற இரண்டும்.

வாசகரே, இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இந்த மாதிரிக் கதைகளுக்கு வழக்கம். நீங்களும் நல்லவர், நாயை வீட்டிலேயே விட்டுவிடுவீர்கள். அதனால்தான் தர முடியாது. தந்தால் அக்பர் அலி, நாய், நீங்கள் என்று மூன்றாவது ஆளையும் எனக்குப் பதிலாக முடிவெடுக்கவிட்டு நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

கேட்டின் கொண்டியைத் தட்டுகிறார். "சாமி, இருக்கீங்களா?" என்கிறார். அவர் கையில் புதுச் சங்கிலி, விலைச் சீட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அடுப்படியில் டம்ளர் வைக்கிற சத்தம். செவ்வந்தி வெளியே வரவில்லை.

எழுதிக்கொண்டே இருந்தால் எழுந்திருக்க முடியாது. மீதியை நான் எழுதப்போவதில்லை, மன்னியுங்கள்.

போய், நாயைத் தர முடியாது என்று சொல்லப்போகிறேன்.