குளிர் பிறக்கும் இடம்

இன்சுலின் பேனாவுக்குப் பேனா என்று பெயர்தானே ஒழிய, அதை வைத்து ஒரு கையெழுத்துக்கூடப் போட முடியாது. தோற்றம் மட்டும்தான் பேனா. உள்ளே விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பியின் ஒரு முனையில் ஊசி ஏறும் ரப்பர் மூடி, மறு முனையில் மருந்தைத் தள்ளும் தண்டு, அதன் வாலில் திருப்புகிற குமிழ். குமிழை ஒரு யூனிட் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். சர்க்கரையால் கண் மங்கினவர்களும் காதால் எண்ணிக்கொள்ளட்டும் என்று யோசித்துச் செய்தது.

அந்த வீட்டில் அந்தச் சத்தம்தான் சாப்பாட்டு மணி. வீட்டுக்காரர் மேஜையில் உட்கார்ந்து குமிழைத் திருப்புவார். டிக், டிக் என்று கேட்டதும் எந்த மூலையில் தூங்கினாலும் பூனை எழுந்து வந்து எதிர் நாற்காலியில் ஏறிவிடும். ஊசி, பிறகு சாப்பாடு, சாப்பாட்டில் அதற்கொரு பங்கு. "வந்துட்டார்யா முதலாளி, கணக்குப் பார்க்க!" என்பார். பூனைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவருடைய மனைவி தையல்காரி. வீட்டிலேயே மெஷின் போட்டு, பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைப்பவள். பக்கத்துத் தெருவில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் தம்பி ஒருவன் உண்டு. அவன் கூப்பிடுவதுபோல நாமும் அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு மத்தியானம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழவில்லை. சட்டைகளைக் கொடுத்தாயிற்று, செருப்பைக் கொடுத்தாயிற்று. பிரிக்காத இன்சுலின் பேனாக்கள் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் முன்பக்கமாக ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்தன. அவற்றை யாருக்குக் கொடுப்பது? அக்கா அவற்றை ஒரு தகர டப்பாவில் அடுக்கி, கை போகிற மட்டும் உள்ளே தள்ளி, பின்சுவரோடு சேர்த்து வைத்தாள். அந்த ஃபிரிட்ஜைத் தம்பிதான் கொண்டுவந்து வைத்தான். அன்றைக்கு அவன் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை: "முக்கியமானதை எல்லாம் பின்னாடி வைக்கா. அங்கதான் குளிர் பிறக்குது. கதவுப் பக்கம் வர்றதெல்லாம் மிச்சம் மீதி."

அவன் சொன்னது பொய்யில்லை. இந்த மாதிரிப் பழைய ஃபிரிட்ஜில் பின்சுவருக்குப் பின்னால் குளிர்த்தகடு இருக்கிறது. குளிர் அங்கே உண்டாகி, கனத்து, கீழே இறங்கிப் பரவுகிறது. அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்கு மற்ற இடத்தைவிடக் குளிர் அதிகம்.

சில மாதங்கள் போயின. முதலாளி தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிக்க ஆரம்பித்தது. வேளைக்கு நன்றாகத் தின்றும் முதுகெலும்பு தெரிந்தது. அக்கா அதைக் கூடையில் போட்டுக்கொண்டு பூனை டாக்டரம்மாவிடம் போனாள்.

"சர்க்கரை," என்றார் டாக்டரம்மா, ரத்தத்தைப் பார்த்துவிட்டு.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "எது சாப்பிட்டாலும் இதுக்கு ஒரு பங்கு கொடுப்பார் டாக்டர். இதையும் கொடுத்துட்டுப் போயிட்டார்."

"அப்படியெல்லாம் தொத்தாதும்மா. வயசாச்சு, உடம்பு கொஞ்சம் பெருத்தது, அவ்வளவுதான். காலையில சாயங்காலம் ஊசி போட்டா நல்லாவே இருப்பான். ஒழுங்கா போட முடியுமா உங்களால?"

"தினமும் ஊசி பிடிக்கிற கைதான் டாக்டர்."

சீட்டை வாங்கிப் படித்தவள் அப்படியே நின்றாள். அதே மருந்து. சில பூனைகளுக்கு மனிதர்களின் இன்சுலினையே, துளி அளவில், கொடுப்பார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து, தகர டப்பாவைப் பார்த்து, "உங்க முதலாளிக்குத்தான்," என்று மெல்லச் சொன்னாள். கடைக்குப் போகவில்லை.

அவர் செய்ததைப் பார்த்திருந்தாளே, எல்லாம் அப்படியே செய்தாள். புதுப் பேனாவை முதல்நாள் சாயங்காலமே வெளியே எடுத்து மேஜையில் வைப்பாள். ஜில்லென்ற மருந்து தோலுக்குள் போனால் சுருக்கென்று எரியும். ஆரம்பித்த பேனா மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போகாது, வெயில் படாத அலமாரியில் இருக்கும். வேளைக்கொரு புது ஊசி. முதலில் குமிழை இரண்டு திருப்பி, ஊசியை மேலே தூக்கி அழுத்துவாள். நுனியில் ஒரு முத்து திரண்டால் குழாயில் காற்று இல்லை என்று அர்த்தம். பிறகுதான் பூனைக்கு உரியது. விலாப் பக்கத்துத் தோலைச் சுருக்கம் பிடிப்பதுபோல் கிள்ளித் தூக்கி, மடிப்பின் அடியில் ஊசியை நுழைப்பாள். தட்டில் குனிந்த முதலாளி தலையைக்கூட நிமிர்த்தாது.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. ஒன்றில் ஆரம்பித்த அளவு இரண்டானது, மூன்றானது. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் காது நுனியில் குத்தி ரத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மருந்தை எங்கே வெச்சிருக்கீங்க?"

"ஃபிரிட்ஜ்லதான் டாக்டர்."

"கதவுலயா? திறந்து மூடும்போது சூடாகும்."

"கதவுல வைப்பேனா! உள்ளே, ரொம்பப் பத்திரமா."

"தேதி முடிஞ்சிடுச்சா?"

"இல்ல, தேதி இருக்கு."

ஒரு வார்த்தை பொய்யில்லை. அது யாருடைய மருந்து என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் தூக்கிப் போடச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். டாக்டரம்மா யோசித்தார். "சில பூனைக்கு அவ்வளவு லேசில் கேட்காது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம்." அளவு ஆறு வரை போயிற்று.

டப்பாவில் கடைசியாக ஒரே ஒரு பேனா மிஞ்சியது. அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று மூடிவிட்டு மருந்துக்கடைக்குப் போனாள்.

"நோயாளிக்கு என்ன வயசும்மா?" என்றார் கடைக்காரர்.

"பதினொண்ணு."

"அடடா, பச்சைப் புள்ளைக்கா!"

"பூனைங்க."

கடைக்காரர் ஒரு நொடி விழித்தார். "அது சரி. ஜீவன்னா எல்லாம் ஒண்ணுதான்." புதுப் பேனாவைத் தாளில் சுற்றி, ஐஸ் பையோடு கொடுத்தார். "தாளைப் பிரிச்சிடாதீங்க. ஐஸ் நேராப் படக்கூடாது. உறைஞ்சா மருந்து செத்துப் போகும்."

அக்கா தலையாட்டினாள். அவர் ஐஸ் பையைச் சொன்னார், அவளும் ஐஸ் பையை மட்டுமே நினைத்தாள். பேனாவை வழக்கம்போல இரவு மேஜையில் வைத்து, மறுநாள் காலையில் முத்து பார்த்து, ஆறு டிக் எண்ணிப் போட்டாள்.

அன்று மத்தியானத்துக்கு முன் தம்பி பையோடு வந்தான். பின்தட்டில் பால் கட்டியாகிறது, கீரை கண்ணாடிபோல் நொறுங்குகிறது என்று அவள்தான் வரச் சொல்லியிருந்தாள்.

"வயசாயிடுச்சுக்கா இதுக்கு. நிறுத்த வேண்டிய நேரத்துல நிறுத்தாம ஓடிக்கிட்டே இருக்கு. உன்னை மாதிரி."

"வாய் மட்டும் ரிப்பேரே ஆகாதுடா உனக்கு. வேலையைப் பாரு."

அவன் தட்டுகளைக் காலி பண்ணினான். பின்சுவரில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. அதில் ஒரு தகர டப்பா ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தான், வரவில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டி எடுத்துத் திறந்தான்.

"அக்கா, இது அத்தானோட பேனாவா?"

"வெச்சிடு அதை. தொடாதே."

அவன் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். கண்ணாடிக்குள் மருந்து வெள்ளை வெளேரென்று ஐஸாக நின்றது. "இதெல்லாம் இங்கேயேவா இருந்தது? முதலாளிக்குப் போட்டது இதையா?"

"ஆமாம். ஏன் முறைக்கிறே? வெளியே எடுத்து வெச்சா காலையில தெளிவாத்தானே இருக்கும்."

தெளிவாகத்தான் இருக்கும். கேடு அங்கேதான். இன்சுலின் என்பது ஒரு ஒழுங்கில் மடிந்து கிடக்கிற மிக நுணுக்கமான சரடு. அந்த மடிப்பு இருந்தால்தான் அது உடம்பில் போய் வேலை செய்யும். உறையும்போது அந்த மடிப்புக் குலைகிறது. உருகியதும் தண்ணீர் திரும்பி வரும், மடிப்பு வராது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. போதாதற்குத் தகர டப்பா, சுவரின் குளிரை அப்படியே வாங்கிப் பேனாக்களுக்குக் கடத்தியிருக்கிறது.

தம்பிக்கு இவ்வளவு விவரம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஃபிரிட்ஜ். கேஸ் கசிந்துபோன ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள், குளிர் போதவில்லை என்று குமிழைத் திருப்பித் திருப்பிக் கடைசி எண்ணில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். கேஸ் நிரப்பின கையோடு முதல் வேலை, குமிழைக் குறைப்பது. மறந்தால் விடிவதற்குள் உள்ளே இருப்பதெல்லாம் பாறை.

"அக்கா, இன்னிக்கு எதைப் போட்டே?"

"புதுசு. நேத்துக் கடையில வாங்கினது."

"எவ்வளவு?"

"ஆறு. அதுதானே அளவு..." சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது.

"செத்த மருந்துக்குத்தான் அது ஆறு, இது உயிரோட இருக்கிற மருந்து," என்றான் தம்பி. "முதலாளி எங்கே?"

இருவரும் ஒரே நேரத்தில் அறையைப் பார்த்தார்கள். நாற்காலி காலி. அக்கா மேஜைமேல் இருந்த புதுப் பேனாவை எடுத்துக் குமிழைத் திருப்பினாள். டிக், டிக், டிக். எந்த மூலையிலிருந்தும் ஓர் அசைவு இல்லை.

மெஷினுக்கு அடியில், திரைத் துணிக் குவியலில் கிடந்தது. கண் திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை. முன்கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் எச்சில்.

"தேனை எடுடா!" அவர் இருந்த நாள் முழுக்க அந்த வீட்டில் அவசரத்துக்கென்று ஒரு தேன் பாட்டில் உண்டு. சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் என்ன செய்வது என்பது அவளுக்குக் கைப்பழக்கம். மூடியைத் திறந்து பாட்டிலைப் பூனையின் வாயருகே கொண்டுபோனாள். தம்பி டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சத்தமாக வைத்தான்.

"வாயில ஊத்தாதீங்க, புரையேறிடும்," என்றது ஃபோன். "விரல்ல தொட்டு ஈறுல தேய்ங்க. கடிச்சிடாம பார்த்துக்கோங்க. தேய்ச்சுக்கிட்டே கிளம்பி வாங்க. எவ்வளவு போட்டீங்க, எந்தப் பேனா?"

அக்கா ஈறில் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "புதுசு டாக்டர். ஆறு. இதுவரைக்கும் போட்டது எல்லாம் எங்க வீட்டுக்காரரோடது. ஃபிரிட்ஜ்ல உறைஞ்சு போயிருக்கு. நான் உங்ககிட்ட சொல்லலை."

ஃபோனில் டாக்டரம்மா குரல்: "சரி. இப்ப சொல்லிட்டீங்க. சீக்கிரம் வாங்க."

தம்பி ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் அக்கா மடியில் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈறிலிருந்து விரலை எடுக்காமல் போனாள். வழியில் அது ஒருமுறை கடித்தது. கடிக்கிற தெம்பு இருக்கிறதே என்று அவளுக்கு இருந்தது.

முன்காலில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெளியே பெஞ்சில் தம்பி தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான்தான்க்கா சொன்னேன், பின்னாடி வைன்னு."

"நீ பாலுக்குச் சொன்னே. அவரோட மருந்து என்ன பாலா?" என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, "அவர் போனப்புறம் எதையுமே கெட்டுப்போக விடக்கூடாதுன்னு இருந்தேன்டா. அதனாலதான் அவ்வளவு உள்ளே தள்ளினேன்," என்றாள். கடிபட்ட விரலைத் துடைக்காமல் மடியில் வைத்திருந்தாள். தம்பி கைக்குட்டையை எடுத்து அதைச் சுற்றினான்.

முதலாளி பிழைத்தது. இழுப்பு நின்றது, சர்க்கரை ஏறியது, குரல் வந்தது. ஆனால் டாக்டரம்மா கண்ணுக்கு எதிரே விரலை ஆட்டியபோது இமை அசையவில்லை. மூளைக்குச் சர்க்கரைதான் சாப்பாடு. அது கொஞ்ச நேரம் கிடைக்காமல் போனால் பார்க்கிற பகுதி முதலில் அடங்கிவிடும் சில பூனைகளில். "திரும்பி வரலாம். வராமலும் போகலாம். பார்ப்போம்மா," என்றார். மருந்து மறுபடி ஒன்றிலிருந்து.

பூனை வீடு திரும்பிய அன்று தம்பி ஃபிரிட்ஜைச் சரிசெய்தான். நடுத்தட்டில், முன்பக்கமாக, சுவரைத் தொடாதபடி ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்தான். பக்கத்தில் ஒரு சின்ன வெப்பமானி. கடைசிப் பேனாவைக் குப்பையில் போடக் கையில் எடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"போட்டுடு. அது செத்த மருந்துதானே," என்றாள். சொல்லிவிட்டு, "குடு, ஒரு தடவை," என்று வாங்கிக் குமிழைத் திருப்பினாள். டிக், டிக்.

மெஷின் பக்கத்திலிருந்து ஒரு காது நிமிர்ந்தது.

தம்பி பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தான். இனி எந்த ஊசியும் ஏறாதபடி பேனாவின் மூக்கை இறுக்கிச் சுற்றினான். குமிழைத் திருப்பலாம், பின்னால் சுற்றலாம். மருந்து ஒரு சொட்டு வெளியே வராது, சத்தம் மட்டும் வரும். அதை ஃபிரிட்ஜில் வைக்கவில்லை. மேஜைமேல், அவர் உட்கார்ந்த பக்கமாக வைத்தான்.

மறுநாள் காலை அக்கா புதுப் பேனாவில் ஒன்று எண்ணி எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு டிக் அவ்வளவு தூரம் கேட்காது. பழைய பேனாவை எடுத்துத் திருப்பினாள். முதலாளி எழுந்தது. சுவரை உரசிக்கொண்டு வந்தது. மேஜைக்காலில் முட்டி நின்றது, எந்தப் பக்கம் என்று தெரியாமல்.

அவள் தூக்கி விடவில்லை. காத்திருந்து, இன்னொரு தடவை திருப்பினாள். அது முகத்தைத் திருப்பி, நாற்காலியின் விளிம்பை முன்காலால் தடவிப் பார்த்தது.