விண்கல்லில் செத்தவரின் முறை

விண்கல் தோண்டுகிறவன் கதை என்று எவனாவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். என் வீட்டுக்காரர் அஜித்குமாருக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். போனில் போட்டுக்கொண்டு என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பார். எத்தனை படம் பார்த்தாலும் ஆள் ஒரே ஆள்தான். முகம் சவரம் பண்ணியிருக்க மாட்டான். அவனை வேலைக்கு வைத்த கம்பெனி அவனை ஏமாற்றும். சுவரில் மகளின் போட்டோவை ஒட்டிவைத்து அதைத் தொட்டுத் தொட்டு மூக்கை உறிஞ்சுவான். கூட்டத்தில் ஒருத்தன் ஊருக்குத் திரும்ப நாள் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் செத்தான் என்று நாம் அப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ஒருத்தன் "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்று பின்தங்கி நின்று வெடித்துச் சாவான். அதற்கு என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பெற்ற தாய் செத்தபோது அந்தக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணி வரவில்லை.

அங்கே எவன் சோறாக்குகிறான், எவன் துணி துவைக்கிறான் என்று ஒரு படத்திலும் காட்டியதில்லை. வானம் பூராவும் கல் கிடக்கிறது, ஆனால் இரண்டு பேர் ஒரே கல்லுக்கு அடித்துக்கொண்டு சாவார்கள். முதலில் கொடி நட்டவனுக்குக் கல் சொந்தமாம். முறை வைத்து எடுப்போம் என்கிற புத்தி அத்தனை படித்த மூளைகளில் ஒன்றுக்கும் கிடையாது.

எங்கள் கோட்டைக்குப்பத்தில் முறை உண்டு. கடலோடு சேர்கிற எங்கள் ஏரியில் இறால் ஓடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு என்று ஊர் முறை வைத்திருக்கிறது. நீரோட்டம் திரும்புகிற நேரத்தில் ஊர்த்தலைவர் தாமோதரன் கரையில் நின்று பெயரைக் கூப்பிடுவார். ஆள் அங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறைக்காரரைக் கேட்பார். அவர் "இருங்க, வர்றான்" என்றால் ஊரே காத்திருக்கும். "நான் எடுத்துக்கறேன்" என்றால் பாடு அவருடையது. சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் நான் கல்யாணமாகி வந்த நாளாக ஒருத்தரும் அப்படி எடுத்ததில்லை.

இந்தச் சித்திரை வெயிலில் ஏரி சுருங்கி, ஓரமெல்லாம் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தபோது சினிமாக்காரர்கள் வந்தார்கள். விண்கல் மாதிரியே இருக்கிறதாம். தோண்டுகிற ஆட்களாக நடிக்க எங்கள் குப்பத்து ஆம்பளைகளைக் கூப்பிட்டார்கள். கடலில் மீன்பிடித் தடைக்காலம். சும்மா கிடந்த அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். முகத்தை மூடுகிற ஹெல்மெட்டும் வெள்ளிக் கலர் சட்டையும் மாட்டிக்கொண்டதும் என் வீட்டுக்காரர் நடையே மாறிவிட்டது. கக்கூசுக்குப் போவதற்குக்கூட மெதுவாக மிதந்துதான் போனார்.

முதல் நாள் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். நடுவில் ஒரு கல், எல்லோரும் ஓடிப்போய்க் கொடி நட வேண்டும். டைரக்டர் கத்தினார். ஒருத்தரும் ஓடவில்லை. வரிசையாக நின்றுகொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தங்கவேல் கையைத் தூக்கிக் கேட்டார்: "சார், மொதல்ல யாரு மொற?"

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றிப் பெருமை பேச ஒன்றுமில்லை. அடுத்த தடவை ஓடினார்கள். அதற்கடுத்த தடவை ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட்டு ஓடினார்கள். முதலில் போய்க் கொடி நட்டவர் என் வீட்டுக்காரர்.

அத்தனை ஓடியும் அவருக்கு ஆசைப்பட்டது கிடைக்கவில்லை. பின்தங்கி நின்று சாகிற ஆள் வேஷத்துக்கு டைரக்டர் எங்கள் பக்கத்து வீட்டு ராஜவேலு அண்ணனைப் பிடித்துவிட்டார். அண்ணனுக்குத் தாடி இருந்தது, அவ்வளவுதான் காரணம். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சோற்றில் கைவைக்கவில்லை. "அவனுக்கு இன்னா தெரியும்? ஒரு படம் பாத்துருப்பானா?" என்று புலம்பினார். சாகக் கொடுத்துவைக்கவில்லை என்று அழுத ஒரே மனுஷனை நான்தான் கட்டியிருக்கிறேன்.

ராஜவேலு அண்ணன் சாகிற காட்சியும் ஏரியில் அவர் முறையும் ஒரே நாளில் வந்து விழுந்தன. மத்தியானத்துக்குள் விட்டுவிடுவதாகத்தான் சினிமாக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த முறையை விட்டால் அவருக்கு அடுத்தது மழைக்காலத்தில்தான். அவர் சம்சாரம் குணசுந்தரி அண்ணி நிறைமாசம். கடலும் கிடையாது, ஏரியும் போனால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. இது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குப் படப்பிடிப்புக்குக் கூப்பிட்டது அண்ணனையும் என் வீட்டுக்காரரையும் மட்டும்தான். மத்தியானம் என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பிவந்தார்.

"அண்ணன் எங்க?" என்றேன்.

"அவன அந்தரத்துல கட்டித் தொங்க வுட்டுருக்காங்க. காலைலேர்ந்து செத்துகினே கீறான், டைரக்டருக்குப் புடிக்கல." சிரித்தார். "எம்பேரு கூப்ட்டா வர்றேன்னு சொல்லு மச்சான்னு மேலேர்ந்து கத்துறான்."

சொல்லிக்கொண்டே எங்கள் வலையைத் தூக்கிப் படகில் போட்டார். "நம்ம மொற நாளைக்குத்தானய்யா?" என்றேன். "சும்மாதான்" என்றார். பின்னாலேயே கரைக்குப் போனேன்.

நீரோட்டம் திரும்பியது. தாமோதரன் கூப்பிட்டார்: "ராஜவேலு!"

குணசுந்தரி அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாலைப் பக்கம் பார்த்தாள்.

"அடுத்தது அஜித்குமாரு. நீ இன்னாப்பா சொல்ற?"

"நான் எடுத்துக்கறேன்."

அண்ணி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏன்ணே, உங்ககிட்ட அவரு ஒண்ணும் சொல்லி அனுப்பலயா?" என்று கேட்டாள். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ஒண்ணும் சொல்லல" என்றார் என் வீட்டுக்காரர். கண்ணை நேராக வைத்துக்கொண்டே சொன்னார்.

"பொய் சொல்லாதய்யா!" என்று நான் கத்திவிட்டேன். "வர்றேன்னு சொல்லச் சொன்னாருன்னு வூட்ல வந்து சிரிச்சியே!"

தாமோதரன் என்னைப் பார்க்கவே இல்லை. "கரையில பொம்பள பேச்சு எடுபடாது. பாடு அஜித்குமாருக்கு" என்றார். அந்த மனுஷனுக்கும் ஒரு கொடியைக் கொடுத்து சினிமாவில் ஓடவிட்டிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் படகைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அந்த வலையை ஒருத்தராக விரிக்க முடியாது. கயிற்றுக்கு இரண்டு நுனி, இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். எப்போதும் மறுநுனியைப் பிடிக்கிறவர் தங்கவேல். அவர் கயிற்றைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையேறினார். "எனக்கு முதுகு வலி" என்றார்.

என் வீட்டுக்காரர் மற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தருக்குப் பீடி பற்றவில்லை. இன்னொருத்தர் கைலியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். இடுப்பளவுத் தண்ணீரில், சட்டப்படி தன்னுடைய பாடு என்று ஆகிவிட்ட இடத்தில், வலையைக் கட்டிக்கொண்டு அவர் நின்றார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"கலா, நீயாவது வந்து புடி."

"மாட்டேன்" என்றேன். கட்டின புருஷனை ஊர் பார்க்க அப்படி நிற்கவைத்தது எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் போகவில்லை.

அப்போது சாலையிலிருந்து யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. ராஜவேலு அண்ணன். வெள்ளிச் சட்டை பாதி கிழிந்து தொங்கியது, கழுத்தில் சாயம் பூசின ரத்தம், முழங்கால்வரை சேறு. கரையில் நின்ற எங்களைப் பார்த்தார். தண்ணீரில் வலையோடு தனியாக நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மச்சான்!" என்று கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்தார். "நான் வர்ற வரைக்கும் புடிச்சி வச்சிருந்தியா? என் வலை வூட்ல கெடக்குதேன்னு உன் வலையக்கூடக் கொண்டாந்துட்டியே! நான் பயந்துட்டன்யா, மொற பூட்சேன்னு!" மிதந்த கயிற்று நுனியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கரையைப் பார்த்தார். நாங்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்தோம்.

"ஆமா மச்சான்" என்றார். "உனக்காகத்தான்."

தாமோதரன் இருமினார். "சரி சரி, ஜல்தியா வலையப் போடுங்க" என்றார். உண்மை என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் சட்டம் பேசுவார்கள், பாடு என் வீட்டுக்காரர் பக்கம் போய்விடும். குணசுந்தரி அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். விழுங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் கயிற்றின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். தான் எப்படியெல்லாம் செத்தேன் என்று ராஜவேலு அண்ணன் உரக்கச் சொல்லிக்கொண்டு போக, என் வீட்டுக்காரர் 'ம்' கொட்டிக்கொண்டு போனார்.

விளக்கு வைத்த நேரத்தில் வீட்டுக்கு வந்தார். கூடையில் நல்ல பெரிய இறால்.

"மச்சான் குடுத்தான்" என்றார். "வேணாம்னேன். கேக்கல. நான் பண்ண உதவிய சாவுற வரைக்கும் மறக்க மாட்டானாம்."

முகத்தைப் பார்த்தேன். கூச்சம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கண் கலங்கியிருந்தது. தான் உதவி செய்ததாக அவரே நம்பிவிட்டார்.

கூடையைத் தொடாமல், தட்டில் வெறும் சோற்றைப் போட்டு அவர் முன்னால் தள்ளினேன்.