யார் வீட்டு வைரஸ்

அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையடித்தது போல் தெரிந்த அன்றே அக்கா குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். என் நான்கு வயது மகள்தான் குற்றவாளி.

"மூக்கு ஒழுகுற பிள்ளையை அவர் மடியில உட்கார வச்சது யாரு?" என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வைத்து என் மனைவியைக் கேட்டாள். அக்கா தலைமை ஆசிரியை. அவள் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவர்களுக்கே அது மறந்துபோகும். என் மனைவிக்கு மறக்கவில்லை.

"போன வாரம் மாமா உங்க வீட்டுலதானே படுத்திருந்தார். அந்த ஏசியை எந்த வருஷம் கழுவினீங்க அண்ணி?"

அம்மா எதிலும் தலையிடவில்லை. கண்ணாடிக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்பா முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவர். யாரையும் நம்ப மாட்டார். இப்போது வாயில் குழாயோடு, ஒரு இயந்திரம் தள்ளும் மூச்சை நம்பிப் படுத்திருந்தார். மூன்று ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. மூக்கில் குச்சி விட்டு இரண்டு முறை பார்த்தார்கள். வைரஸ் எதுவும் இல்லை என்று வந்தது.

பெரிய டாக்டர் நாலாவது மருந்தையும் சேர்க்கலாம் என்றார். அவருக்குக் கீழே இருந்த டாக்டரம்மா, குள்ளமாக, தூக்கம் கெட்ட கண்ணோடு இருந்தவர், "ஒரு தடவை ரத்தத்துல புரதம் பார்த்துடலாம் சார்" என்றார். சார் தோளைக் குலுக்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டாக்டரம்மா எங்களிடம் வந்தார்.

"மூக்குல கிடைக்கலைன்னா நுரையீரல்லயும் இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. அதனால கிருமியைத் தேடுறதை விட்டுட்டு உடம்பையே கேட்கப் போறோம், நீ யாரோட சண்டை போடுறேன்னு. வைரஸ்னா ரத்தத்துல சில புரதம் ஏறும். பாக்டீரியான்னா வேற புரதம் ஏறும். ரெண்டையும் அளந்தா எந்தப் பக்கம்னு ஓரளவு தெரிஞ்சிடும்."

"ஓரளவுன்னா நூத்துக்கு எத்தனை?" என்றாள் அக்கா.

"நூறு இல்லைங்க. ஆனா இப்ப நம்ம கையில இருக்கிறதை விட அதிகம்."

ஏசித் தண்ணீரில் வளர்வது பாக்டீரியா என்று என் மனைவி போனில் படித்து வைத்திருந்தாள். ஆக, வைரஸ் என்றால் என் மகள், பாக்டீரியா என்றால் அக்காவின் ஏசி. எது வந்தால் அப்பா பிழைப்பார் என்று யோசிக்க வேண்டிய நேரத்தில், எது வந்தால் நாங்கள் ஜெயிப்போம் என்று யோசித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக யோசிப்பதை நிறுத்தவில்லை.

மதியம் டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார். "வைரஸுக்கு ஏறுற புரதம் தாறுமாறா ஏறியிருக்கு. பாக்டீரியாவுக்கு உரியது லேசாத்தான். வைரஸ் பக்கம்தான் சாயுது."

அக்கா என்னைப் பார்த்தாள். காப்பியடித்துப் பிடிபட்டவனைப் பார்க்கிற பார்வை. என் மனைவி எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்விட்டாள்.

"அப்ப என் பொண்ணுகிட்டேருந்துதான் வந்துச்சா?" என்றேன்.

"உங்க பொண்ணு பேரு ரிப்போர்ட்ல இல்லையே சார். யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு இது சொல்லாது. எந்த வைரஸ்னுகூடச் சொல்லாது. அதுக்குத்தான் குழாய் வழியா நுரையீரல் சளியை எடுத்து அனுப்பப் போறோம்."

பெரிய டாக்டர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "ஒரு சொட்டு ரத்தம் எனக்கு வைத்தியம் சொல்லித் தருது" என்று முணுமுணுத்தார். ஆனால் நாலாவது மருந்தை எழுதவில்லை.

சளியில் ஃப்ளூ இருந்தது. அதற்கான மருந்தைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். பாக்டீரியா எதுவும் வளரவில்லை என்று உறுதியானதும் ஆன்டிபயாடிக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் வாயிலிருந்து குழாயை எடுத்தார்கள்.

உள்ளே போனதும் அக்கா நலம்கூட விசாரிக்கவில்லை. "காய்ச்சலுக்கு முன்னாடி யாரு கூடப்பா இருந்தீங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் பிடித்த டிக்கெட் இல்லாத ஆசாமிகள் இப்படித்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பார்கள்.

"டிப்போ பின்னாடி... பழைய ஆளுங்க நாலு பேரு."

"என்ன பண்ணீங்க?"

"ஒரு சிகரெட்."

"நாலு பேரும் ஒரே சிகரெட்டையா?"

"எல்லாரும் சிகரெட்டை விட்டாச்சில்ல. ஆளுக்கு ஒண்ணு பிடிச்சாத்தான் தப்பு" என்றார், காற்றுக் குரலில். "அதுல டிரைவருக்கு மட்டும் செம இருமல்."

அம்மா அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "முதல்ல வீட்டுக்கு வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பா மெல்ல, கட்டிலருகே நின்ற டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "இன்னும் நாலு நாள் இங்கேயே இருக்கலாமாம்மா?"

வெளியே வந்து அக்கா என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்தாள், மூடினாள். அவள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை, அன்றும் பார்க்கவில்லை.

"பிள்ளைக்கு மூக்கு ஒழுகுறது நின்னுடுச்சா?" என்றாள்.

"நின்னுடுச்சு அண்ணி."

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. ஏசிக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

என் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அக்கா அவளை முறைத்தாள். முறைத்துக்கொண்டே தானும் சிரித்துவிட்டாள்.