ராமசுவாமி பெயரின் கீழ்

"விஞ்ஞானி" என்பதற்கு முன்னால் "உலகப் புகழ்பெற்ற" என்று சேர்த்த பிறகும் வெங்கடகிருஷ்ணன் பேனாவை மூடவில்லை. எத்தனை கட்டுரைகள் என்ற இடம் காலியாக இருந்தது. கூடத்தில் தம்பி ஜகதீசன் தெற்கே தலைவைத்துக் கிடந்தான். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியாயிற்று. டில்லியிலிருந்து அவன் மகன் கிட்டு மத்தியான விமானத்தில் வந்ததும் எடுத்துவிடுவார்கள். அதற்குள் மரண அறிவிப்பைப் பத்திரிகை ஆபீசுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

"கல்பகம், மொத்தம் எத்தனை கட்டுரை எழுதியிருப்பான்?"

தலைமாட்டில் இருந்த தம்பி மனைவி நிமிரவில்லை. "நேக்கென்ன தெரியும், அண்ணா? எழுதிண்டே இருப்பார்."

"நூறுன்னு போட்டுடவா?"

அவள் விசிறியை எடுத்து வீசினாள். நூறு என்றே எழுதினார்.

அறுபத்தெட்டு வயதிலும் நாற்காலியில் முதுகு சாய்க்காதவர் அவர். அப்பா ராமசுவாமியின் பிள்ளை போனது நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தலைகுனிவு உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன், ஆராய்ச்சிக்கூடத்தின் டைரக்டர் பதவி தம்பியைத் தாண்டி அவனைவிட இளையவனுக்குப் போனது. இவன் கட்டுரைகளை மேற்கோள் காட்டி உலகத்தில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்களாம். நாலே நாலு பேர்.

"முப்பது வருஷமா என்னத்தடா கிழிச்சே? அப்பா பேரைக் காப்பாத்தினியா?" என்று தம்பி மகள் ஜலஜாவின் கல்யாணத்தில் சம்பந்திகள் காதுபடவே கேட்டார். மகளைத் தாரைவார்த்துக் கொடுத்த கை ஈரம்கூடக் காயவில்லை. ஜகதீசன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்துல் ரஹீம் உள்ளே வந்தார். ஆம்பூர்க்காரர். ஆராய்ச்சிக்கூட நூலகத்தில் வேலை. ஜகதீசனின் காலருகே வெகுநேரம் நின்றார்.

"ரஹீம், நீங்க சொல்லுங்கோ. எத்தனை கட்டுரை?"

"முப்பத்தி ஒண்ணு சார்."

வெங்கடகிருஷ்ணன் நூறை அடித்தார். "அதையும் நாலு பேர்தான் சீண்டியிருக்கான்."

"நக்கோ சார், அப்படிச் சொல்லாதீங்க." என்றார் ரஹீம். "அந்த நாலை எண்ணிக் கொடுத்த பாவி நான்தான். எவன் கட்டுரைய எவன் மேற்கோள் காட்டியிருக்கான்னு வருஷா வருஷம் அமெரிக்காவுலருந்து தலைகாணி சைஸ்ல புஸ்தகம் வரும். பேர் வரிசையா இருக்கும். ஆபீஸ்ல கேட்டாங்க. ஜகதீசன்னு தேடினேன். உள்ளூர்ப் பத்திரிகைல ரா. ஜகதீசன்னு வந்த ஒரு கட்டுரைக்கு நாலு இருந்துச்சு. கொடுத்துட்டேன். மறுவருஷம் வேற எதுக்கோ புரட்டுறேன், ராமசுவாமிங்கற பேருக்குக் கீழே சாரோட கட்டுரைங்க வரிசையா நிக்குது. இருநூத்திப் பன்னெண்டு மேற்கோள் சார். மருந்துக்காரன், மண்ணு ஆராய்ச்சிக்காரன், துணிச் சாயக்காரன், ஒருத்தன் பாக்கி இல்ல."

"எங்கப்பா பேர்ல எப்படி..."

கேட்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. ஐம்பத்தாறில் முதல் கட்டுரை அச்சுக்குப் போனபோது, "ரா. ஜகதீசன்" என்று இருந்ததை அடித்தது அவர் கைதான். தொழிற்சாலையில் ஜெர்மன்காரர்களோடு பழகியவர். அவர்கள் குடும்பப் பெயரைக் கடைசியில் முழுசாகப் போடுவதைப் பார்த்திருந்தார். "அப்பாவை ஒத்தை எழுத்தா நறுக்காதேடா. ஜகதீசன் ராமசுவாமின்னு போடு. அவர் பேரும் உலகம் சுத்தட்டும்." தம்பி அப்படியே போட்டான். வெளிநாட்டுக்குப் போன கட்டுரை எல்லாவற்றிலும்.

"வெள்ளைக்காரன் கடைசிப் பேரை வச்சுத்தான் அடுக்குவான் சார்."

"அவன்கிட்டச் சொன்னேளா?"

"ஓடிப்போய்ச் சொன்னேன். பேரால வந்த குழப்பம்னு மேலிடத்துக்கு ஒரு கடுதாசி போடுங்கன்னேன். சிரிச்சாரு. 'அண்ணா வச்ச பேரு ரஹீம். அது தப்புன்னு நான் கையெழுத்துப் போடறதா? அப்பாகிட்டதானே இருக்கு, இருக்கட்டும்'னாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டாரு."

"இது ஜலஜா கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"முந்தின வருஷம் சார்."

வெங்கடகிருஷ்ணன் கல்பகத்தைப் பார்த்தார். அவள் கணவன் முகத்தருகே வந்த ஈயை விசிறியால் ஓட்டினாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று மணிக்கு கிட்டு வந்தான். நாலரைக்குச் சுடுகாடு. கிட்டு ஈர வேட்டியோடு நிற்க, வெங்கடகிருஷ்ணன் பதிவு அறைக்குப் போனார். சட்டைப்பையில், பத்திரிகைக்குப் போகாத தாள் வியர்வையில் நமுத்திருந்தது.

"பேரு செப்பண்டி," என்று தெலுங்கில் கேட்டான் குமாஸ்தா.

எந்த ஆபீசிலும் தம்பியின் பெயரை அப்பா பெயரோடு சேர்த்தே சொல்லிப் பழகிய வாய்.

"ஜகதீசன்."

"பூர்த்தி பேரு?"

"அந்தே. ஜகதீசன்."

குமாஸ்தா அவ்வளவையே எழுதிவிட்டுப் பேனாவைப் பக்கத்துக்கு நகர்த்தினான்.

"தண்ட்ரி பேரு?"

வெங்கடகிருஷ்ணன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பதிவேட்டில் அப்பா பேருக்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தது.