அந்தப் பக்கத்து முக்காலி

மாலை ஆறரைக்கு வெந்நீர்க் கூடத்தைப் பூட்டிவிட்டு வந்த துவான் யூஷென், முகம் கழுவி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தலைவர் மாவோவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். காலையில் படத்திடம் உத்தரவு கேட்பது, மாலையில் அன்று செய்ததை ஒப்பிப்பது. ஆலைக் குடியிருப்பின் நாற்பது வீடுகளிலும் இதே வழக்கம்தான். மற்ற வீடுகளில் இரண்டு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். பிள்ளைகள் ஒரு கண்ணைச் சோற்றுக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டே மேற்கோளைப் படபடவென்று ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவார்கள். துவானுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அவருக்கு என்ன அவசரம்? வீட்டில் வேறு யார் காத்திருக்கிறார்கள்?

தொடக்கத்தில் அவரும் முறைப்படிதான் ஒப்பித்தார். இத்தனை கூடை நிலக்கரி எரித்தேன், இத்தனை பேருக்கு வெந்நீர் பிடித்துக் கொடுத்தேன், சோம்பல் பட்டேன், திருத்திக்கொள்கிறேன். போகப் போக முழங்கால் வலி வந்தது. கத்தரிக்காய் கசந்தது வந்தது. கனவில் செத்துப்போன அண்ணன் செருப்புக் கேட்டது வந்தது. படத்திலிருந்தவர் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டார். நாட்டையே ஆள்பவருக்குத் தன் கத்தரிக்காய் எதற்கு என்று துவானுக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் மூன்று வருஷமாக அவரை முகத்துக்கு நேரே பார்த்தது அந்த முகம் ஒன்றுதான்.

அவர் பேசத் தொடங்கும்போதெல்லாம் மண் பூசிய பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி இழுபடும் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு கெங் அக்கா சாப்பிட உட்காருகிறாள் என்று நினைத்துக்கொள்வார். அவளும் தனிக்கட்டைதான். புருஷன் பஞ்ச வருஷத்தில் போய்விட்டான். குடியிருப்புக் கமிட்டியில் இருந்ததால் அவளைக் கண்டால் எல்லாருக்கும் கொஞ்சம் பயம் உண்டு.

அன்று மத்தியானம் வெந்நீர் பிடிக்க வரிசையில் நின்ற இரண்டு பேர், துவானும் கொதிகலனில் ஒரு பாகம் என்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வடக்குப் பண்ணைக்குப் போயிட்டு வந்தேன். போன பனியில மியாவ் டீச்சருக்கு ரெண்டு விரல் போயிடுச்சாம்."

"எந்த மியாவ்?"

"அதான்யா..." என்று பேசியவன் துவான் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு, "மேஸ்திரி, குழாயைத் திறங்க. தூங்கிட்டீங்களா?" என்றான்.

துவான் குழாயைத் திறந்தார். ஃபிளாஸ்க் நிரம்பி வழிந்து காலில் ஊற்றியபிறகுதான் மூடினார்.

இப்போது படத்துக்கு முன்னால் அவர் நிலக்கரிக் கணக்கில் தொடங்கவில்லை. "தலைவரே, நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன்" என்றார்.

"எஃகு காய்ச்சுன வருஷம் எங்க வீட்டு இரும்புச் சட்டியையும் எடுத்துட்டுப் போனாங்க. உருக்கினதுல சட்டியும் இல்ல, எஃகும் இல்ல, ஒரு கறுப்புக் கட்டிதான் வந்துச்சு. அதைப் பார்த்துட்டு, 'இனிமே இதுலதான் தலைவருக்கு விருந்து வைக்கணும்'னு வீட்டுல ஒருத்தர் கேலி பண்ணினது நிஜம். எட்டு வருஷம் கழிச்சு அது யார் காதுலயோ விழுந்து கண்டனக் கூட்டம் போட்டாங்க. என் பொண்டாட்டி மியாவ் சுச்சின்தான் அப்படிச் சொன்னதா மேடையில நான் சொன்னேன். விவாகரத்துக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட்டேன். அவளை வடக்குப் பண்ணைக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பிட்டாங்க. சொன்னது அவ இல்ல. நான். அவ மேடையில என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல."

அந்தப் பக்கம் கிண்ணம் ஒன்று விழுந்து உடைந்தது. சுவருக்கு வெகு அருகில், இவர் தோளுக்கு ஒரு முழ தூரத்தில் கேட்டது. சாப்பாட்டு மேசை அங்கே இல்லை என்பது துவானுக்குத் தெரியும். விளக்கை அணைத்தார்.

காலையில் வெந்நீர்க் கூடத்துக்கு முதல் ஆளாக வந்தது கெங் அக்காதான். கையில் இரண்டு ஃபிளாஸ்க். துவான் குழாயைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்தார். அவள் கமிட்டியில் சொல்லிவிட்டால் இன்றே தன்னைக் கொண்டுபோய்விடுவார்கள். ஒருவேளை சுச்சினை விட்டுவிடுவார்கள். இரண்டில் எதற்குத் தன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவருக்கே புரியவில்லை.

"சுவர் மெல்லிசு, மேஸ்திரி" என்றாள் அவள்.

"தெரியும், அக்கா."

"எனக்குக் காது மந்தம். கமிட்டியில எல்லாருக்கும் தெரியும்." மூடியைத் திருகி அழுத்தினாள். "இன்னொண்ணு. மேலேருந்து உத்தரவு வந்திருக்கு. படத்துக்கு முன்னாடி உத்தரவு கேக்கிறது, ஒப்பிக்கிறது எல்லாம் இன்னையோட நிறுத்தணுமாம். மூட வழக்கமாம்."

"நிறுத்தணுமா?"

"நேத்துவரைக்கும் செய்யலன்னா தப்பு. இன்னைலேருந்து செஞ்சா தப்பு. எனக்கு என்ன, வந்ததைச் சொல்றேன்."

அவள் போனபிறகு துவானுக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்குப் பின்னாலேயே வெட்கம் வந்து பிடுங்கித் தின்றது. அவள் வாயை மூடிக்கொண்டதில் தப்பித்தது தான் மட்டும்தானே.

மாலையில் பழக்க தோஷத்தில் முகம் கழுவி, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். பேசக்கூடாது. வீடு முழுக்க யாருமில்லாதது அன்றைக்குத்தான் உறைத்தது. படத்திலிருந்தவர் அதே முகத்தோடு இருந்தார். இவர் சொல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுமில்லை.

அப்போது அந்தப் பக்கம் முக்காலி இழுபட்டது. அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு.

"மேஸ்திரி." சுவர் வழியாக மெதுவாகத்தான் கேட்டது. "டீச்சருக்கு எந்தக் கையில விரல் போச்சு?"

துவான் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊரே பேசுது. எந்தக் கைன்னு மட்டும் யாருக்கும் தெரியல. நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஃபிளாஸ்க் நிரம்பி வழிந்த அத்தனை நேரமும் அவர் அதைக் கேட்கவில்லை. வலது கையென்றால் சுச்சினால் இனி சாக்பீஸ் பிடிக்க முடியாது.

"பண்ணை ஆபீசுக்கு எழுதிக் கேக்கலாம்" என்றாள் அவள். "கேக்கிறவர் யாருன்னு அவங்க கேப்பாங்க. சட்டி விஷயத்தையும் சேர்த்து எல்லாத்தையும்தான் எழுத வேண்டியிருக்கும். எழுதுங்கன்னு நான் சொல்லல."

துவான் பெட்டியிலிருந்து ஒரு காகிதமும் பேனாவும் எடுத்தார். தன் முக்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேனா மூடியைக் கழற்றினார். கழுத்துப் பொத்தான் இறுக்கியது; கழற்றிவிட்டார். காகிதம் முழங்காலில் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கத்து முக்காலி நகரவில்லை.