முதலில் பேசுகிறவன்

இறந்துபோனவரின் எண்ணிலிருந்து எனக்கு முதல் அழைப்பு வந்தது ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. "ஸ்டோர்ஸ்காரர்" என்று நான் பதிந்துவைத்த பெயர் திரையில் மினுங்கியது. எடுத்துக் காதில் வைத்தேன். யாரும் பேசவில்லை. ஒரு மின்விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எதிலோ லேசாகத் தட்டிக்கொண்டு சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் பேசவில்லை. மூன்று நிமிடம் கழித்து இணைப்பு போய்விட்டது.

நான் பேசாமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. பேசாமல் இருப்பது என் தொழில் பழக்கம்.

கம்பெனிகளுக்கு ஆள் தேடிக்கொடுப்பவன் நான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், இரண்டு மேஜை போட்ட அறை. வேலை தேடி வருகிறவர்களிடம் ஒரு காசு வாங்குவதில்லை. அவர்கள் சேர்ந்தால், அவர்களுடைய ஒரு மாதச் சம்பளத்தின் அளவுக்குக் கம்பெனி எனக்குத் தரும். சேர்ந்தவர் தொண்ணூறு நாளுக்குள் நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவரை நான் சும்மாவே தர வேண்டும்.

"அப்போ எங்க சம்பளம் ஏறினா உங்களுக்கும் லாபம்தானே" என்று பலர் கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். அது பாதி உண்மை.

ஸ்டோர்ஸ்காரர் என் எதிரே அமர்ந்து ஐம்பத்தைந்தாயிரம் கேட்டார். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில், சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை; தொழிற்சாலை ஊருக்கு வெளியே இருந்தது. "அந்தப் பக்கமே வீடு மாத்திக்கலாம்னு ஒரு நினைப்புண்ணா. அங்க வாடகை கொஞ்சம் கூட" என்றார். கம்பெனி எனக்கு அறுபது வரை போகலாம் என்று சொல்லியிருந்தது. ஆனால் அதே இடத்துக்கு என்னைப்போல் இன்னும் இரண்டு பேர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் காசு. ஐம்பத்தைந்து என்று கொண்டுபோனால் கம்பெனி இரண்டு நாள் யோசிக்கும், அதற்குள் வேறொருவன் முடித்துவிடுவான். எனக்குக் கூடுதலாக வரப்போகும் ஏழாயிரத்துக்காக மொத்தத்தையும் இழக்க மனம் வரவில்லை.

மறுநாள் போனில் சொன்னேன். "நாற்பத்தெட்டுதான் சார். அதுக்கு மேல அவங்களால முடியாது."

தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் பேசுகிறவன் இறங்கிவருவான் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அவரும் பேசவில்லை. அவர் வீட்டு விசிறி எதிலோ தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தச் சத்தமும் அமுங்கிப்போனது. ஆள் கெட்டி, என்னைப் பேச வைக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முக்கால் நிமிடம் இருக்கும். விசிறிச் சத்தம் மறுபடி கேட்டது.

"சரிண்ணா" என்றார்.

அவர் வீடு மாற்றவில்லை. தினமும் போகவர எண்பது கிலோமீட்டர் பைக்கில் போய்வந்தார். எழுபத்தொன்றாவது நாள் மாலை, மழையில், பின்னால் வந்த லாரி.

கம்பெனியின் எச்.ஆர். பெண் நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டாள். "கஷ்டமான விஷயம்தான் சார். தப்பா நினைக்காதீங்க, இன்னும் தொண்ணூறு நாள் ஆகலையே. வேற ஆள் எப்போ அனுப்புறீங்க?"

அனுப்பினேன். புதியவர் ஐம்பத்தெட்டு கேட்டார். நான் அதை அப்படியே சொன்னேன். "குடுத்துடலாம் சார்" என்றாள் அவள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடம் அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவேயில்லை.

அதன்பின்தான் வியாழக்கிழமை அழைப்புகள். ஐந்து வாரம் தொடர்ந்து வந்தன. அடுத்த மேஜையில் விண்ணப்பங்களைப் பிரிக்கும் அக்கா ஒருநாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன சார், பேசாமலே இவ்வளவு நேரம் பேசறீங்க? வீட்ல தெரியுமா?"

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

ஆறாவது வியாழக்கிழமை போன் அடிக்கவில்லை. படியேறி ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, கையிலிருந்த போனை என் மேஜைமேல் வைத்தாள்.

"வேலை அண்ணான்னு உங்க நம்பரைப் போட்டு வெச்சிருந்தாரு. கூப்பிட்டது நான்தான். கேக்கணும்னுதான் கூப்பிடுவேன். கேக்க வராது."

"உக்காருங்கம்மா" என்றேன்.

"நீங்க சம்பளம் சொன்னப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். போனைக் கையால பொத்திக்கிட்டு எங்கிட்ட கேட்டாரு, நாற்பத்தெட்டுதான்கிறாங்க, ஐம்பத்தஞ்சு இன்னொரு தடவை கேட்டுப் பாக்கவான்னு. நாலு மாசமா வீட்லயே இருந்தாருண்ணா. நான்தான் வேணாம்னேன். கேட்டு வேலை கைநழுவிடப் போகுது, சரின்னு சொல்லுங்கன்னேன்."

விசிறிச் சத்தம் அமுங்கியது எப்படி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வியந்த அந்த மௌனத்தில் அவர் தன் மனைவியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "அவர் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?"

மாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தூங்குவாள். ஒருவேளை நானும். அக்கா காகிதம் புரட்டுவதை நிறுத்தியிருந்தார். கீழே கடையில் யாரோ கண்ணாடி மாட்டிப் பார்த்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் குரல் கேட்டது. அவள் காத்திருந்தாள். அவள் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள் என்று தெரிந்தது.

"குடுத்திருப்பாங்க" என்றேன். "அறுபது வரைக்கும் குடுக்கச் சொல்லி இருந்தாங்க. எனக்குத் தெரியும். சீக்கிரம் முடிக்கணும்னு நான்தான் மறைச்சேன். நீங்க சொன்னதுல தப்பே இல்ல. எம்பேச்சை நம்பிச் சொன்னீங்க."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தாள்.

"இதுலதான் உக்காந்தாரா?"

"ஆமா."

மெதுவாக எழுந்தாள், உட்கார்ந்திருப்பவர் யாரையோ தொந்தரவு செய்துவிடக்கூடாது என்பதுபோல.

"மன்னிச்சி—" என்று தொடங்கினேன்.

"பேசாதீங்க" என்றாள். போனை எடுத்து, பேசும் பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. ஐம்பத்தஞ்சு கேட்டது அவரு. அவர்கிட்ட சொல்லுங்க."

குடையை மறந்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அடுத்த வியாழன், மாலை நான்கு மணி. திரையில் ஸ்டோர்ஸ்காரர். எடுத்தேன். விசிறி தட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அக்கா எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

"சார்" என்றேன். "அறுபது வரைக்கும் இருந்தது."

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தச் சத்தம் அமுங்கியது.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன்.