முனிரத்தினம் பி.ஏ. குடும்பத்தின் முதல் பட்டதாரி

காஞ்சி மாநகரின் கல்வி வரலாறு எழுதப்படும் நாளில், அதன் முதல் பக்கத்தில் முனிரத்தினம் பி.ஏ. அவர்களின் திருப்பெயர் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்படும். இதைச் சொன்னவர் முனிரத்தினம் பி.ஏ. வரலாறு தாமதமானதால், இப்போதைக்கு அந்தப் பெயர் பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் பித்தளைப் பலகையிலும், தெருக்கோடிக் கோயிலுக்கு அவர் உபயமாகக் கொடுத்த டியூப்லைட்டிலும் இருந்தது. எழுத்து போக மிச்சமிருந்த இடத்தில் டியூப்லைட்டிலிருந்து கொஞ்சம் வெளிச்சமும் வரும். தெருவின் செந்தமிழ்ப் பேரவைக்கும் அவரே தலைவர்.

அவர் மகள் சத்யப்ரியாவுக்கு முப்பது வயது. கணவன் சொல்லாமல் போய் ஐந்து வருடம். கையில் ஏழு வயது சிம்ரன். ஜீவனாம்சத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து, இந்த வக்கீலைவிட நானே நன்றாகப் பேசுவேன் என்று ரோஷத்தில் விண்ணப்பம் போட்டாள். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குச் சட்டக் கல்லூரியில் ஐந்து வருடப் படிப்பில் இடமே கிடைத்துவிட்டது.

பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டி வரும் காசு வீட்டுக்கு. கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை சிம்ரனுக்கு. டவுன் பஸ்ஸுக்குக் காசு வேண்டாம். கல்லூரிக் கட்டணத்துக்குத்தான் வழியில்லை. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்தால் சலுகை உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

புதன்கிழமை வி.ஏ.ஓ. டேனியல் அவளுடைய கோப்பைப் புரட்டினார்.

“ஏம்மா, உங்க அப்பா பி.ஏ.வாமே?”

“யார் சார் சொன்னது?”

“நீதாம்மா.”

அவளுடைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். உதவித்தொகை கேட்டபோது, கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாக அவளே கொடுத்தது. மணமகள் பெயரைவிட ஒரு சுற்று பெரிதாக அதில் ‘முனிரத்தினம், பி.ஏ.’ என்று இருந்தது.

“அப்பா படிக்கல சார். சும்மா போட்டுக்கினாரு.”

“பத்திரிகைல கல்யாணம் நெசம், பி.ஏ. மட்டும் பொய்யா? நான் எதம்மா நம்பறது? அவரையே டி.சி. எடுத்துக்கினு வரச் சொல்லு.”

அப்பா பி.ஏ. இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எதுவரை படித்தார் என்பதுதான் தெரியாது.

“மானம் என்று ஒன்று இருக்கிறது மகளே,” என்றார் முனிரத்தினம்.

“அது வருஷத்துக்கு எவ்ளோ குடுக்குதுபா?”

அம்மா அங்கம்மாள் அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். “பி.ஏ. படிச்சவருதானே, ஃபீஸ நீயே கட்டிடுய்யா.”

வெள்ளி காலை முதல் ஆளாக வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்றவர் அவர்தான்.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர். கோயில் கமிட்டி மாணிக்கவேலும் ஒரு பட்டாவுக்காக உட்கார்ந்திருந்தார், காதைத் தீட்டிக்கொண்டார்.

“பட்டம் பெற்றதாக நான் எங்கும் கூறியதில்லை. பி.ஏ. என்று எழுதினேன், அவ்வளவுதான்,” என்று தொடங்கினார் முனிரத்தினம். “இறுதித் தேர்வு எழுத இயலவில்லை.”

“அப்போ காலேஜ் டி.சி. குடுங்க.”

“கல்லூரியில்... சேரவில்லை.”

“பிளஸ் டூ?”

“அந்த ஆண்டு மஞ்சள் காமாலை.”

“பத்தாவது?”

முனிரத்தினம் மின்விசிறியைப் பார்த்தார். செந்தமிழ் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. “இன்னாபா நீ, நோண்டிக்கினே கீற!”

கூட வந்திருந்த அங்கம்மாள் பையிலிருந்து மஞ்சளேறிய ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். “என் கூறைப்புடவைக்கு அடியில கெடந்துது சார். ஒம்போதாவது டி.சி.”

“ஃபெயில்,” என்று சத்தமாகப் படித்து உறுதிசெய்தார் டேனியல்.

“அப்போ அந்த டியூப்லைட்டு?” என்றார் மாணிக்கவேல்.

“எரியுதில்ல?” என்றாள் அங்கம்மாள். “கம்முனு இரு.”

மூன்று மணிக்குச் சான்றிதழ் போனுக்கு வந்தது. நாலரைக்குக் கல்லூரி அலுவலகத்தில் ரசீது போட்டார்கள். சலுகை போகக் கட்ட வேண்டியிருந்தது கொஞ்சம்தான்; குஞ்சக் காசில் மிச்சப்பட்டதில் சிம்ரனுக்கு ஷூ, நாலு பேருக்கும் ஃபலூடா. முனிரத்தினம் அவமானத்தை இரண்டு கிளாஸ் ஃபலூடாவில் கரைத்துக் குடித்தார்.

மறுநாள் காலை பித்தளைப் பலகையைக் காணவில்லை. அந்த இடத்தில் புதுப் பலகை: ‘சத்யப்ரியா, பி.ஏ. பி.எல்.’ கீழே, சின்ன எழுத்தில், ‘தந்தை: முனிரத்தினம்.’

சத்யப்ரியா வயிறு வலிக்கச் சிரித்தாள். “யப்பா! இன்னும் கிளாஸே ஆரம்பிக்கலபா!”

“சேர்ந்தாயிற்று அல்லவா?” என்றார் அவர். “நான் அதுகூடச் செய்யாமல் எழுதினேனே.”

சிம்ரன் தன் பெயரையும் போடச் சொல்லி அடம்பிடித்தாள். இரண்டாம் வகுப்பு என்று சேர்த்துப் போடுவதாகத் தாத்தா வாக்குக் கொடுத்தார்.

டி.சி.யைப் பத்திரப்படுத்தும்போதுதான், அதன் பின்னால் குத்தியிருந்த மதிப்பெண் அட்டையைச் சத்யப்ரியா பார்த்தாள். பேரவைத் தலைவர் தவறியது ஒரே பாடத்தில்.

தமிழில் நூற்றுக்குப் பதினொன்று.